இரண்டு வாரத்தில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் 14 வயது மகளுக்கு மனச்சோர்வு என்று சொல்லி, மனநல மருத்துவர் ஃப்ளூஆக்செடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரமாகியும் முகத்தில் தெளிச்சி இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள். இரவெல்லாம் தூங்காமல் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். “அடிமையாகிவிடுவாள், நிறுத்து” என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம்.

வயிற்றுப் புரட்டல் பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும். எனக்குக் கவலை தருவது அந்த நடைதான். உட்கார விடாத பதற்றம், எரிச்சல், திடீரென அளவுக்கு மீறிய உற்சாகம் ஆகியவை மருந்தைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தலைகாட்டலாம். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனச்சோர்வுக்கான இவ்வகை மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து எடுத்த சிறார்களில் 100க்கு சுமார் 4 பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. ஆகவே மகளிடம் நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். எப்படியானாலும் மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

மாமியாரின் பயம் நியாயமானதுதான், இந்த மருந்துக்குப் பொருந்தாது, அவ்வளவே. இது போதை தருவதில்லை; இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. நிறுத்தும் காலம் வரும்போது மருத்துவர் சொல்லும் முறையில் நிறுத்த வேண்டும். இந்த மருந்தின் பலன் தெரிய 4 முதல் 6 வாரமாகும். குணமான பிறகும் 6 மாதம் முதல் ஓராண்டுவரை தொடரச் சொல்வார்கள்.

மாத்திரையோடு உளவியல் ஆலோசனையும் நடக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 12 வாரத்தில் இரண்டும் சேர்ந்தபோது 71 சதவீதத்தினர் தேறினர். மாத்திரை மட்டும் என்றால் 61, வெற்று மாத்திரைக்கு 35. ஆலோசனை நடக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் (அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து என்பதே அதனால் மாறலாம்.