அந்தப் புளிப்பைக் கழுவிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது, தென் ஆப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கருப்பைவாய்ப் பரிசோதனையில், அங்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்.பி.வி. வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். மீன் வாடையோடு வெள்ளையும் படுகிறது, அது பாக்டீரியாவாம். சுத்தமாக இல்லாததால்தான் இரண்டும் வந்தன என்று சொல்லும் மாமியார், வேப்பிலைத் தண்ணீரால் உள்ளே கழுவச் சொல்கிறார். வீட்டுக்காரர் மீதும் சந்தேகம் வருகிறது. மகள் கிரேட் 5 படிக்கிறாள். அவளுக்கும் வந்துவிடுமா?

பதில்: சுத்தக்குறைவால் வந்தது இல்லை, சகோதரி. அதை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கஞ்சியைக் குடித்திருப்பீர்கள். அதில் சேர்க்கும் புளித்த பாலில் இருப்பது லாக்டிக் அமிலம். பெண்ணுறுப்புக்குள் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களும் அதே அமிலத்தைத்தான் சுரக்கின்றன. அந்தப் புளிப்பு இருக்கும்வரை வேண்டாத கிருமிகள் தலைதூக்குவது கஷ்டம். புளிப்பு குறைந்தால் கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகும். சாம்பல் நிறத்தில் நீர்க்கக் கசியும். உறவுக்குப் பிறகு வாடை தூக்கலாக இருக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

இதற்கும் ஹெச்.பி.வி.க்கும் தொடர்பு உண்டு. லாக்டோபேசில்லஸ், அதிலும் கிரிஸ்பேட்டஸ் வகை, நிறைய உள்ள பெண்களிடம் ஹெச்.பி.வி. குறைவாகக் காணப்படுகிறது. அது குறைந்தவர்களிடம் வைரஸ் அதிக நாள் தங்கிவிடுகிறது. ஆனால் பாக்டீரியா மாறியதால் வைரஸ் நிலைத்ததா, வைரஸ் வந்ததால் பாக்டீரியா மாறியதா என்ற முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. ஒன்று நிச்சயம்: பாக்டீரியா ஹெச்.பி.வி.யாக மாறாது. வைரஸ் உடலுறவு வழியாக வருவது. வந்து பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆகவே வீட்டுக்காரரை இந்த ஒரு ரிசல்ட்டை வைத்து விசாரணைக்கு நிறுத்தாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் இருவரில் யாரிடமாவது இருந்திருக்கலாம்.

வேப்பிலை, மஞ்சள், கிருமிநாசினி எதுவும் உள்ளே போகக்கூடாது. நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். (மாமியார் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.) தயிரையும் தடவ வேண்டாம், சாப்பிடுங்கள். வாடைக்கு டாக்டர் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையை, வாடை போனதும் நிறுத்தாமல், முழுக் கணக்குக்கும் விழுங்குங்கள். பலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். வந்தால் மறுபடி போய்க் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாத்திரை ஹெச்.பி.வி.யைப் போக்காது. அதைப் பெரும்பாலும் உடம்பே இரண்டு வருடத்துக்குள் விரட்டிவிடும்.

விரட்டாமல் தங்குவதில்தான் கவலை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் ஹெச்.பி.வி.யின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளால் வருகிறது. அதனால் கிளினிக்கில் "எந்த வகை? அடுத்த பரிசோதனை எப்போது?" என்று கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அது இருப்பவர்களுக்கு நம் நாட்டில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கருப்பைவாயைப் பார்க்க வேண்டும். சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால் விட்டுவிடுங்கள், அது வைரஸுக்குத் துணைபோகும்.

மகளுக்கு உங்களிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2014 முதல் பெண் குழந்தைகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவள் பள்ளிப் பையின் அடியில் அந்தப் படிவம் கசங்கிக் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.