கெக்குக்கு மாற்றிய பியர் முதலில் சப்பென்றும் பிறகு வெறும் நுரையாகவும் வருகிறது. குலுக்கிப் பார்க்கலாமா?

குலுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம்.

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: 19 லிட்டர் கெக் (பியரை அழுத்தத்தோடு வைத்திருக்கும் ஸ்டீல் பாத்திரம்), ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி, கேஸை, அதாவது கரியமில வாயுவை, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறந்துவிட்டீர்கள். மறுநாள் ஊற்றிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. அப்படியே விட்டுவைத்தீர்கள். நாலாம் நாள் தம்ளர் முழுக்க நுரை. சொல்லாததையும் நானே சொல்கிறேன். கெக்கிலிருந்து ஊற்றும் குழாய்க்குப் பியர் வர நீங்கள் போட்டிருக்கும் லைன், அதாவது டியூப், ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். வாரக்கடைசிக்கு யாரையோ வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். எப்படித் தெரியும் என்றால், நானும் இதையெல்லாம் செய்தவன்தான்.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று, ஏனென்றால் இதை எழுதாவிட்டால் கீழே வந்து சண்டை போடுவார்கள். நான் மெல்பர்னில் இருக்கிறேன். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், அங்கே இருப்பவர்கள் முயல வேண்டாம். குடி நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இது கேஸ் ஏற்றுவதைப் பற்றிய பதில்.

கேஸ் ஏற்றுவது என்றதும் எனக்குச் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பா முப்பது வருடம் கோலி சோடா கம்பெனி நடத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை சோடா மெஷின் சுற்றுவது. கம்பிக் கூண்டுக்குள் பாட்டில்களை மாட்டி, கேஸைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு வரும், உள்ளே ஏறும் கேஸே அதை ரப்பர் வாசரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் கையால் செய்து வளர்ந்தவன், நாற்பது வயதில் ஒரு ஸ்டீல் பாத்திரத்துக்குள் கேஸ் ஏற்றத் தெரியாமல் முழித்தேன். அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் கெக் கதை இது. ஹேஸி ஐ.பி.ஏ. போட்டிருந்தேன், ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அள்ளிப் போடும் அந்தக் கலங்கல் வகை. சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், வியாழக்கிழமை இரவு ஃபெர்மென்டரை (பியர் புளிக்கும் பாத்திரம்) மேசைமேல் தூக்கி வைத்து, குழாயைத் திறந்து, கீழே வாயைத் திறந்திருந்த கெக்குக்குள் சளசளவென்று விழவிட்டேன். டீ ஆற்றுவது போல. அப்புறம் மூடியைப் போட்டு, 30 பி.எஸ்.ஐ. வைத்து, கெக்கைத் தரையில் படுக்கவைத்துக் காலால் உருட்டினேன். ஏதோ ஒரு வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். கேஸ் குர்ரென்று உள்ளே போகும் சத்தம் கேட்க நன்றாக இருந்தது. பத்து நிமிடம் உருட்டிவிட்டு, போதும் என்று ரெகுலேட்டரை (சிலிண்டரிலிருந்து வரும் கேஸின் அழுத்தத்தை அளவாக்கும் கருவி) 12க்குக் குறைத்தேன்.

கெக் அப்போதும் படுத்துத்தான் கிடந்தது. உள்ளே 30க்குப் பக்கம், லைனில் 12. கேஸ் போகும் குட்டைக் குழாய் பியருக்குள் முங்கியிருக்கிறது. பியர் எந்தப் பக்கம் போகும்? நேராக கேஸ் லைன் வழியாக ரெகுலேட்டருக்குள் போனது. ஒருவழி வால்வு ஒன்று லைனில் மாட்டியிருந்தால் தடுத்திருக்கும், சின்ன சாமான்தான், வாங்கி மாட்டுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, முள் சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகத்தோடே சனிக்கிழமையைக் கழித்தேன். வந்தவர்களுக்கு நுரை கொடுத்தேன். நல்ல மனிதர்கள், ஸ்பூன் கேட்கவில்லை.

அதைவிட மோசம் அடுத்த வாரம் காத்திருந்தது. மாம்பழச் சாறு நிறத்தில் இருந்த பியர் பத்து நாளில் பழைய டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் செய்த வேலை. புளிக்கும்போது ஈஸ்ட் ஆக்சிஜனைத் தின்றுவிடும். புளித்து முடிந்தபின் உள்ளே போகும் காற்று பியரைத்தான் தின்னும். ஹாப்ஸ் அதிகமுள்ள பியரில் இது சீக்கிரமே தெரியும். ஆகவே உங்கள் கேள்வி நுரையைப் பற்றி இருந்தாலும், மாற்றும் விதத்தைச் சரிசெய்யாவிட்டால் நுரை அடங்கிய பிறகு கிடைப்பது அட்டைப்பெட்டிதான்.

இப்போது நான் மாற்றும் முறை வேறு. கெக்கின் வாய்வரை ஸ்டார்சான் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரை நிரப்பி மூடிவிடுவேன். கேஸைக் கொடுத்து அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளினால், உள்ளே காற்றே இல்லாமல் வெறும் கரியமில வாயு மட்டும் நிற்கும். தண்ணீர் நிரப்பச் சோம்பல்பட்டு 30 பி.எஸ்.ஐ. ஏற்றித் திறந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் பழைய காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். எத்தனை தடவை செய்ய வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கரியமில வாயு கனமானது, பியர்மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், போர்வை எல்லாம் கிடையாது.

பிறகு ஃபெர்மென்டரிலிருந்து வரும் குழாயைக் கெக்கின் பியர் போஸ்ட்டில், அதாவது கறுப்பு டிஸ்கனெக்ட் (குழாயின் இணைப்பு) மாட்டும் முனையில் கொடுப்பேன். அங்கேதான் அடிவரை போகும் நீளக் குழாய் இருக்கிறது, பியர் அடியிலிருந்து அலுங்காமல் ஏறும். கெக்கின் கேஸ் போஸ்ட்டிலிருந்து இன்னொரு குழாய் ஃபெர்மென்டரின் தலைக்கு. பியர் இறங்க இறங்க, கெக்கில் இருந்த கேஸ் மேலே போய் அந்த இடத்தை நிரப்பும். ஃபெர்மென்டர் உயரத்தில் இருந்தால் போதும், அழுத்தமே வேண்டாம். அழுத்தம் தாங்கும் ஃபெர்மென்டர் வைத்திருப்பவர்கள் 3, 4 பி.எஸ்.ஐ. கொடுத்துத் தள்ளலாம். கண்ணாடிக் குடுவையில் மட்டும் கேஸைக் கொடுத்து எந்தக் காரணத்துக்கும் தள்ளாதீர்கள். எங்கள் அப்பாவின் இடது முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, வெடித்த சோடா பாட்டில் போட்டது. அது சின்ன பாட்டில்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் அவர் இங்கே வந்திருந்தார். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. கராஜில் கெக்கைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண் சிலிண்டர்மேல்தான் போனது. அன்று காலை எனக்கு ஒரே எரிச்சல்: முந்தின நாள் மாட்டிய புதுச் சிலிண்டர் ஒரே இரவில் காலி. அப்பா கெக்கின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, இது உள்ள இருந்துதான மேல அழுத்தும்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நம்ம கோலி மாதிரிதான். மொதல்ல கேஸைப் பலமா விடு. பொச்சுன்னு ஒக்காரும். அப்புறம் கொறைச்சுக்க. நீ எடுத்த எடுப்புலயே கம்மியா வச்சா அது எப்படி ஒக்காரும்?"

அவ்வளவுதான் விஷயம். கெக் மூடி உள்ளிருந்து வாயை அடைக்கும் மூடி. நெம்புகோலை மடக்கினால் மட்டும் முழுதாக அமராது, 25, 30 பி.எஸ்.ஐ. ஒரு தடவை கொடுத்தால்தான் ரப்பர் வளையம் வாயோடு ஒட்டும். பிறகு சோப்பு நுரையை ஒரு துணியில் தொட்டு மூடியைச் சுற்றி, போஸ்ட்டுகள்மேல், ரெகுலேட்டர் திருகும் இடத்தில் தடவினார். எழுபது வயதுக் கை, ஒரு இடம் விடவில்லை. குமிழி வந்த இடத்தைக் காட்டிவிட்டு, சிலிண்டரின் முள்ளைத் தட்டினார். "இதை நம்பாத. எடை போட்டுப் பாரு." அதுவும் சரிதான். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கும்வரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்ததும் மடமடவென்று இறங்கும், அப்போது பார்த்துப் பயனில்லை.

ஃபெர்மென்டரில் குபுகுபுவென்று குமிழி போவதைப் பார்த்து அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. "இத்தனை கேஸை வெளியே விட்டுட்டு, காசு குடுத்து வேற கேஸ் வாங்குறியா?" புளிக்கும் சர்க்கரையின் எடையில் கிட்டத்தட்ட பாதி கரியமில வாயுவாகத்தான் போகிறது. 2 கிலோ சர்க்கரை புளித்தால் 1 கிலோ கேஸ், ஏறக்குறைய 500 லிட்டர். 19 லிட்டர் பியருக்குத் தேவையானது 100 கிராம்கூட இல்லை. அந்தக் கேஸைக் காலி கெக் வழியாகப் போகவிட்டுக் காற்றை வெளியேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் இப்போது சில தடவை செய்கிறேன். சோடா வியாபாரிக்குப் பிறந்தும் எனக்கு அது தானாகத் தோன்றவில்லை.

சரி, உங்கள் நுரை. குளிர்ந்த திரவம் அதிகம் கேஸ் பிடிக்கும், அழுத்தம் கூடினால் இன்னும் பிடிக்கும். 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வைத்தால், பியர் தன் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு கேஸைக் கரைத்துக்கொண்டு நின்றுவிடும். பெரும்பாலான ஏல் வகைப் பியர்களுக்கு அதுதான் அளவு. பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். அதே குளிரில் 30இல் விட்டுவைத்தால் நாலு மடங்கைத் தாண்டும். அது சோடாவின் கணக்கு. நீங்கள் பியரை சோடா ஆக்கிவிட்டீர்கள்.

கேஸ் லைனைக் கழற்றுங்கள். மூடியிலுள்ள வால்வை இழுத்து அழுத்தத்தை விடுங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி. ஒன்றிரண்டு நாளில் அடங்கும், பிறகு 12இல் மாட்டுங்கள். லைனை மாற்றுங்கள்: 5 மி.மீ. உள்விட்டம் என்றால் 3 மீட்டர் வேண்டும். பியர் அந்த நீளத்தில் உரசி வேகம் குறைந்து வந்தால்தான் தம்ளரில் அமைதியாக விழும். லைன் நீளமாகத் தொங்குகிறதே என்று வெட்டாதீர்கள், சுருட்டி வையுங்கள். அவசரமென்றால் 30இல் ஒரே ஒரு நாள் வைத்து, அழுத்தத்தைத் திறந்துவிட்டு, 12க்குக் குறையுங்கள்.

மேலே குலுக்காதீர்கள் என்றேன். சோடா மெஷின் சுற்றியவன் இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்பீர்கள். கேட்கலாம். குலுக்குவது தப்பில்லை, 30இல் குலுக்குவதுதான் தப்பு, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நன்றாகக் குளிர்ந்த கெக்கை நிமிர்த்தியே வைத்து, 12இல் வைத்துக் குலுக்கினால், எவ்வளவு குலுக்கினாலும் 12க்கு உரியதைத் தாண்டி ஏறாது. கேஸ் போகும் சத்தம் நின்றால் முடிந்தது. கை வலிக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சை எடுத்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. இங்கே எங்கள் தமிழ்க்காரர்கள் வட்டாரத்தில் எனக்குப் பெயர் "வீட்டுலயே காய்ச்சுறவன்". ஒரு பொங்கல் விழாவில் பெரியவர் ஒருவர், என்னைத் தனியே அழைத்து, பிள்ளைகள் வளரும் வீட்டில் இதெல்லாம் தேவையா என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். சொல்லிவிட்டு நேராகக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். அங்கே டிக்கியைத் திறந்து வைத்துப் பேப்பர் கப்பில் ஸ்காட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் வெள்ளைக்காரன் பெயர் இருந்தால் பண்பாடு, கெக்கில் நம் கை பட்டிருந்தால் பழக்கம் கெட்டது. செயற்கை சோடாவே 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரத்தில் பியர்த் தொட்டிக்கு மேல் தண்ணீரைத் தொங்கவிட்டுப் பார்த்ததில்தான் தொடங்கியது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். வயதில் மூத்தவர், விட்டுவிட்டேன்.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முன் காலியாக இருந்த இரண்டாவது கெக்கைக் கழுவச் சொன்னார். புது ரப்பர் வளையங்கள் போடச் சொன்னார், பழசில் பியர் வாசனை இருக்குமாம். வெறும் தண்ணீரை நிரப்பி, இரவெல்லாம் குளிரவிட்டு, காலையில் ரெகுலேட்டரை அவரே 30க்குத் திருகினார். மூன்று நாள் கழித்து ஒரு தம்ளர் குடித்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, ம், பரவாயில்லை என்றார். ஊரில் விசாரிப்பவர்களிடம் மகன் சோடா மெஷின் வைத்திருக்கிறான் என்றுதான் சொல்கிறாராம்.

அந்தக் கெக் இன்னும் சோடாவுக்குத்தான். போன மாதம் மகள் பிறந்தநாளுக்கு அந்தப் பெரியவரும் வந்திருந்தார். பிள்ளைகள் பன்னீர் சிரப் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில் மெதுவாக, "தம்பி, அந்த வெறும் சோடா மட்டும் ஒரு ஜக் கிடைக்குமா, கார்ல வச்சுக்கிறதுக்கு?" என்றார்.