நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீரை எடுத்துப் பரிசோதிப்பது ஏன்?

நுரையீரலின் வெளிப்புறத்தையும் நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தையும் இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. நடுவே சில மில்லிலிட்டர் நீர் எப்போதும் உண்டு; மூச்சு விடும்போது அவை உரசாமல் வழுக்கிச் செல்ல அது வேண்டும். அளவு கூடினால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள்.

முதல் கேள்வி, நீர் எப்படிக் கசிந்தது என்பதுதான். சவ்வை ஒரு வடிகட்டி என்று வைத்துக்கொள்வோம். அது நன்றாக இருந்தால் அழுத்திப் பிழிந்தாலும் தெளிந்த நீர்தான் இறங்கும். கிழிந்திருந்தால் சக்கையும் சேர்ந்து வரும். இதயம் பலவீனமானால் ரத்தக்குழாய் அழுத்தம் கூடிப் புரதம் குறைந்த நீர் கசியும். நிமோனியா, காசநோய், புற்றுநோய் போன்றவை சவ்வையே பாதிப்பதால் புரதமும் செல்களும் கலந்து வரும். நீரிலுள்ள புரதம் ரத்தத்தில் இருப்பதில் பாதியைத் தாண்டினால் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். கூடவே ரத்தமும் எடுப்பது இந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

சிரிஞ்சில் ஏறும்போதே சில குறிப்புகள் கிடைத்துவிடும்: சீழ் என்றால் தொற்று, பால் போல் இருந்தால் நிணநீர்க் குழாய்க் கசிவாக இருக்கலாம். அப்புறம் செல்கள், கிருமிகள், ஏடிஏ என்னும் நொதியின் அளவு (காசநோயைக் கண்டறிய) என்று சோதனைகள் தொடரும்.

ஒன்று, நீரில் புற்றுநோய்ச் செல்கள் தென்படவில்லை என்றாலே புற்றுநோய் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சந்தேகம் இருந்தால் மறுபடியும் நீரெடுப்பதோ சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதோ தேவைப்படலாம்.