சமகாலக் கலை, சிற்பம் பற்றிய படப் புத்தகங்களை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: இணையத்தில் எல்லாப் படமும் சும்மா கிடைக்கும்போது இந்தப் புத்தகங்களுக்கு எதற்கு இவ்வளவு பணம்? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது? நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் படங்களை அச்சுக்குத் தயார் செய்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் என் பதில் கொஞ்சம் அச்சுக்காரன் கண்ணோட்டத்தில்தான் இருக்கும்.

ஓவியப் புத்தகமும் நீங்கள் கேட்கிற வகையும் ஒன்றல்ல. ஓவியம் எங்கோ ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் நிறம் மாறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வாய்ப்புள்ளவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கலைஞர் தன் உடம்பையே படைப்பாக்கி ஒரு கூடத்தில் நிகழ்த்திக் காட்டியது (கூத்தையோ நடனத்தையோ சொல்லவில்லை) அன்றோடு முடிந்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது படமும் குறிப்பும்தான். அந்தப் படங்களை எந்த வரிசையில், எந்த அளவில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் படைப்பு நம் கைக்கு வந்து சேரும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் தெச்சிங் ஷே. தைவான்காரர், இப்படித் தன் உடம்பையே படைப்பாக்கிய கலைஞர். 1974இல் கப்பல் வேலையாளாக அமெரிக்கக் கரைக்கு வந்து, கப்பலை விட்டு இறங்கி, முறையான ஆவணம் இல்லாமலே பல வருடம் நியூயார்க்கில் வாழ்ந்தவர். தொழிற்சாலைகளில் வேலையாட்கள் வந்ததும் அட்டையைச் செருகி நேரம் பதிவு செய்கிற கடிகாரம் இருக்குமே, அதில் ஒன்றைத் தன் அறையில் மாட்டினார். 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவு பகல் பாராமல், மணிக்கு ஒருமுறை அட்டையைப் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஃபிரேம் படம். தொடங்கும்போது மொட்டை அடித்துக்கொண்டார். மொத்தம் 8,760 மணி. அதில் தவறவிட்டது 133. அதிலும் 94 முறை தூக்கத்தில் போனது.

இணையத்தில் தேடினால் அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கிற ஒரு படம் வரும். யாரோ ஒரு தொழிலாளி என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். 2009இல் ஏட்ரியன் ஹீத்ஃபீல்ட் என்ற எழுத்தாளரும் ஷேயும் சேர்ந்து கொண்டுவந்த ‘அவுட் ஆஃப் நவ்’ புத்தகத்தை ஒரு நண்பர் இரண்டு நாள் இரவல் கொடுத்தார். அதில் அந்த ஃபிரேம்கள் ஒரு நாளுக்கு ஒரு பட்டையாக நிற்கின்றன. முகம் நகக்கண் அளவுகூட இல்லை. அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கிற லூப் என்ற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே சீருடை, அதே நிற்பு, தலைமுடி மட்டும் வளர்கிறது. பக்கம் புரளப் புரளக் காதை மூடி, தோளுக்கு இறங்குகிறது. தீபாவளி சமயத்தில் காலண்டர் வேலைக்காகத் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்கக் கூடாது என்று ஒரு வருடம் முழுக்கத் தன்னையே கட்டிப்போட்டவரை அந்தப் பட்டைகளில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒற்றைப் படத்தில் அந்த வருடம் இல்லை.

ஒற்றைப் படத்தை நம்பக் கூடாது என்பதற்கு இவ் க்ளைன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் நல்ல உதாரணம். பாரிஸ் அருகே ஒரு மதில் மேலிருந்து கைகளை விரித்துத் தெருவை நோக்கிப் பாய்கிற 1960ஆம் வருடப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் பாய்ந்தது உண்மை. ஆனால் கீழே நண்பர்கள் தார்ப்பாயை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஹாரி ஷங்க், யானோஷ் கெண்டர் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் அந்தப் படத்தையும் ஆளில்லாமல் எடுத்த தெருவின் படத்தையும் இருட்டறையில் ஒட்டி ஒன்றாக்கினார்கள். தார்ப்பாய் போய்விட்டது, வெறும் தெரு வந்துவிட்டது. அது ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், அந்த ஒட்டுவேலையும் சேர்த்துத்தான் படைப்பு. ஆனால் அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் பக்கம் முழுக்கப் போடுகிற புத்தகம் பாதியைத்தான் தருகிறது. படமெடுத்தவர் பெயரை அச்சிடாத புத்தகமும் அப்படித்தான்.

சிற்பத்துக்கு வருகிறேன். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்பியின் கண்காட்சிக்காகச் சின்ன கேட்டலாக் ஒன்று எங்களிடம் வந்தது. வெண்கலச் சிற்பங்கள். பின்னணியில் பழைய சுவரும் சிமென்ட் தரையும். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சிற்பத்தையும் ஓரம் வெட்டி வெள்ளையில் நிறுத்தினேன். மூன்று நாள் வேலை. புரூஃப் பார்க்க வந்த பெரியவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, நிழல் எங்க?”

“அழுக்கா தெரிஞ்சுது, எடுத்துட்டேன் ஐயா.”

“இது நாப்பது கிலோ. இப்பப் பார்த்தா பஞ்சு மாதிரி மிதக்குதே.”

அவர் கோபப்படவில்லை. ஆனால் நான் எல்லாப் பக்கத்தையும் திரும்பச் செய்தேன். சிற்பத்தின் எடையைப் படத்தில் காட்டுவது அதன் நிழலும் அது நிற்கிற தரையும்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து சிற்பப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் தரையைத்தான் தேடுகிறேன்.

அடுத்து, எத்தனை கோணம்? சிற்பி மிருணாளினி முகர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சாயமேற்றிய கயிற்றை, முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல், கையாலேயே முடிச்சுப் போட்டுப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பியவர். 2015இல் டெல்லியில் அவருடைய பெரிய கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் மறுபடி பெரிதாகக் காட்டினார்கள். முன்னால் நின்றால் தெய்வம் போல, ஒரு பக்கம் நகர்ந்தால் விரிந்த பூ போல, பின்னால் போனால் மடிப்பு மடிப்பாகத் துணி போல. இவரை முன்பக்கப் படம் ஒன்றோடு முடித்துவிடுகிற புத்தகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். நல்ல புத்தகம் பின்பக்கம், பக்கவாட்டு, முடிச்சை நெருங்கி எடுத்த படம் மூன்றையும் தரும்.

கடைசியாக அளவு. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் உயரம், அகலம், ஆழம் போட்டிருக்கும். நிறைய பேர் அதைப் படிப்பதே இல்லை. நான் டேப் எடுத்து அளந்தே பார்த்துவிடுகிறேன். ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் 1970இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரிக்குள் கருங்கல்லும் மண்ணும் கொட்டி ஒரு சுருள் பாதை அமைத்தார். நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. சீக்கிரமே ஏரி மட்டம் ஏறி அது முழுகிவிட்டது. ஏறத்தாழ முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. அத்தனை காலமும் உலகம் அதைப் பார்த்தது பெரும்பாலும் கியான்பிராங்கோ கோர்கோனி போன்றவர்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களில்தான். அந்தப் படங்களில் அது காதுக் கம்மல் மாதிரி தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் 15 அடியை அளந்து, செங்கல் வைத்து, அதில் நடந்து பார்த்தேன். இரண்டு பைக் தாராளமாகப் போகலாம். அப்புறம் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் கல்லின் பருமன் தெரிந்தது.

வாங்கும்போது இன்னொன்று. நடுமடிப்பைப் பாருங்கள். தையல் பைண்டிங் என்றால் புத்தகம் மேசையில் படுக்கும். பசை மட்டும் போட்டது படுக்காது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்ட படத்தின் நடுப்பகுதியை, பெரும்பாலும் ஆள் நிற்கிற இடத்தையே, மடிப்பு விழுங்கிவிடும். தாள் பளபளப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மேட் தாள்தான் நல்லது, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது. புது விலை கட்டுப்படியாகாவிட்டால் பழைய கண்காட்சிக் கேட்டலாக்குகளைத் தேடுங்கள். படமெடுத்த தேதியும் அளவும் அவற்றில்தான் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். என்னிடம் இருக்கிற பதினொன்றில் எட்டு அப்படி வந்தவை. நிழலோடு அச்சான அந்தச் சிற்பியின் கேட்டலாக்கும் அதில் ஒன்று.