தக்காளி சாஸும் வடா பாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் புனே நாட்களைப் பற்றி அவ்வப்போது எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். போன வருடம் அலுவலக வேலையாக இரண்டு நாள் மும்பை போயிருந்தேன். எல்லோரும் சொல்லிச் சொல்லி அனுப்பியதால் ஒரு மாலில் வடா பாவ் வாங்கிச் சாப்பிட்டேன். நம் டீக்கடை உருளைக்கிழங்கு போண்டாவை ஒரு பன்னுக்குள் வைத்து, தக்காளி சாஸ் ஊற்றிக் கொடுத்தார்கள். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றிருந்தது. மற்ற வேளைக்கெல்லாம் மாட்டுங்கா போய் இட்லி, பொங்கல் என்று ஓட்டிவிட்டேன்.

இப்போது நவராத்திரி சமயத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பியைப் பார்க்கப் புனே போகிறேன். ஐந்து நாள். அம்மா சைவம், காரம் ஒத்துக்கொள்ளாது. நான் எல்லாம் சாப்பிடுவேன். தம்பி, "இங்க தேடிப் போய்ச் சாப்பிட ஒண்ணும் இல்லக்கா, பிரியாணி ஆர்டர் பண்ணிக்கலாம்" என்கிறான். நிஜமாகவே ஒன்றும் இல்லையா?

எஸ்.
ஆத்தூர், சேலம் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

வடா பாவ் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. அது உருளைக்கிழங்கு போண்டாதான், பன்னுக்குள் வைத்ததுதான். ஆனால் தக்காளி சாஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பதறியது. இட்லிக்கு ஜாம் தொட்டுத் தின்ற ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போய், "தமிழ்நாட்டில் அரிசி மாவை அவித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்" என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோமோ அதுதான் என் பதிலும்.

வடா பாவில் வடாவைவிட முக்கியம் உள்ளே தடவுகிற பூண்டுப்பொடி. கொப்பரை, பூண்டு, மிளகாய்த்தூள் மூன்றையும் வறுத்து இடித்த சிவப்புப் பொடி. சில கடைகளில் வேர்க்கடலையோ எள்ளோ சேரும். நல்ல கடைக்காரர் இன்னொன்றும் செய்வார். வடா போடும்போது கடலைமாவு சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுந்து பொரிந்து மிதக்குமே, அந்தத் தூளை அள்ளி வைத்துப் பொடியோடு கலப்பார். 'சூரா' என்பார்கள். கேட்டால் கூடுதலாகவே போடுவார்கள். கூடவே எண்ணெயில் வாட்டி உப்புத் தூவிய பச்சைமிளகாய் ஒன்று. உப்பு சப்பில்லாத பாவ் என்ற அந்த ரொட்டி இந்தக் காரத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. பாவ் என்ற பேரே போர்த்துகீசியர்களின் 'பாவோ'விலிருந்து வந்ததுதான்.

1966இல் மும்பை தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் தொடங்கியது என்று இதன் கதையைச் சொல்வார்கள். ஷிஃப்டுக்கு ஓடுகிற மில் தொழிலாளிக்கு உட்கார நேரமில்லை, தட்டுக்கு வழியில்லை. ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தின்று முடிக்கலாம். அதே 1966இல்தான் சிவசேனையும் பிறந்தது. தென்னிந்தியர்களை விரட்டு என்பது அதன் ஆரம்பகாலக் கோஷம். உடுப்பி ஓட்டல்களுக்குப் போட்டியாக மராட்டிய இளைஞர்களின் வடா பாவ் தள்ளுவண்டிகளை அந்தக் கட்சி தட்டிக்கொடுத்து வளர்த்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை இழந்தவர்கள் பலர் வண்டி போட்டுப் பிழைத்தார்கள். ஆக, நம்முடைய இட்லி, தோசையோடு மல்லுக்கு நின்று வளர்ந்த பண்டம் அது. அதைத் தின்றுவிட்டு "நம்ம போண்டாதானே" என்று நீங்கள் சொன்னதை அந்தக் காலத்து ஆட்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

என் பக்கத்துக் கதை ஒன்று. 1993இல் புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சதாசிவ் பேட் என்கிற பழைய பகுதியில் ஒரு கானாவள் பிடித்தேன். கானாவள் என்றால் நம் மெஸ். வீட்டின் முன்னறையில் நாலு பெஞ்ச், உள்ளே சமையல், மாதக் கணக்கு. நடத்தியவரை எல்லோரும் காகூ என்று கூப்பிடுவோம், சித்தி என்பது போல. முதல் நாள் தட்டு வந்தது. நடுவில் சின்னதாகக் குவித்த சோறு, மேலே மஞ்சளாக வரண் என்கிற பருப்பு, நெய். அதுவரை பிரச்சினையில்லை, நம் வீட்டுப் பருப்பு நெய்தான். இடது ஓரத்தில் ஒரு துளி பூண்டுப்பொடி இருந்தது. துவையல் சாதத்தில் வளர்ந்த உடம்பு அல்லவா, அதை மொத்தமாகச் சோற்றில் தள்ளிப் பிசைந்தேன். காகூ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான் கண்ணீரோடு தின்று முடிக்கும் வரை பார்த்துவிட்டு, "அது தோண்டீ லாவாய்லா" என்றார். வாயில் தொட்டு வைக்க. நம் பாஷையில், தொட்டுக்க.

அன்றைக்குப் பிறகுதான் தட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நம் வாழை இலை போலவே மராட்டியத் தட்டுக்கும் இடம் வலம் உண்டு. மேலே நடுவில் உப்பு. வலது பக்கம் காய், ஆம்டி என்கிற புளிப்பும் வெல்லமும் சேர்ந்த பருப்புக் குழம்பு. இடது பக்கம் எலுமிச்சைத் துண்டு, சட்னி, ஊறுகாய், கோஷிம்பீர் என்கிற பச்சடி. வலது பக்கம் வயிற்றுக்கு. ருசியெல்லாம் இடது பக்கம் ஒளிந்திருக்கும், அதுவும் நகக்கண் அளவில். வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் தொடாமல் மிச்சம் வைத்துவிட்டு வருவார்கள். அல்லது என்னைப் போல மொத்தமாகக் கொட்டிக்கொள்வார்கள்.

அதனால் இந்தப் பயணத்தில் பண்டத்தின் பேரைக் கேட்காதீர்கள். அதற்குத் தொட்டுக்க என்ன என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு முதலில் தாலிபீட். சோளம், கம்பு, அரிசி, பருப்புகள், மல்லிவிதை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்த பாஜணி மாவில் வெங்காயம் போட்டுப் பிசைந்து, கையால் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டுச் சுடுவது. அந்த ஓட்டையைப் பார்த்ததுமே அம்மா அடை என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் ஒரு உருண்டை வெண்ணெய் வைப்பார்கள், கடைந்து எடுத்த வெள்ளை வெண்ணெய். அது இல்லாமல் சாஸ் வைக்கிற கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து பிட்லா, பாக்ரி. பிட்லா என்பது கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, தாளித்துக் கொதிக்க விட்டது. நம் ஊரில் பூரிக்குப் பாம்பே சட்னி என்று ஊற்றுகிறார்களே, அதன் உடன்பிறப்பு. பாம்பேயில் போய்ப் பாம்பே சட்னி கேட்டால் யாருக்கும் தெரியாது, பிட்லா என்றால் தெரியும். பாக்ரி சோளத்திலோ கம்பிலோ தட்டியது. வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பெரிதாக்கி, தவாவில் போட்டு, மேல் பக்கம் தண்ணீர் தடவித் திருப்பி, கடைசியில் நேராக நெருப்பில் காட்டினால் பூரி மாதிரி உப்பும். மேலே மெல்லிய ஏடு ஒன்று பிரியும். பாபுத்ரா என்பார்கள். அதைக் கிள்ளி எடுத்து முதலில் தின்ன வேண்டும், ஆறினால் தோலாகிவிடும். இதற்குத் தொட்டுக்க தேச்சா, பச்சைமிளகாயும் பூண்டும் உப்பும் நசுக்கியது. அது உங்களுக்கு. அம்மாவுக்கு சோலாப்பூர் வேர்க்கடலைச் சட்னி கேளுங்கள். எண்ணெய் கசிகிற அளவுக்கு இடித்திருப்பார்கள், தேச்சா அளவுக்குக் காரம் இருக்காது.

நீங்கள் போவது நவராத்திரி. அங்கே பல வீடுகளில் ஒன்பது நாளும் உப்வாஸ். அதாவது விரதம். விரதம் என்றதும் பயப்படாதீர்கள், "ஏகாதசி, துப்பட் காஷீ" என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஏகாதசியன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பாடு என்று அர்த்தம். அந்த நாட்களின் ராஜா சாபுதானா கிச்சடி. சாபுதானா வேறொன்றும் இல்லை, ஜவ்வரிசி. உங்கள் ஊர்ச் சரக்கு. ஆத்தூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: குச்சிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைப் படியவிட்டு, குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்து மூட்டை கட்டுகிற சேகோ மில்கள் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும். அந்த மூட்டைகளில் பெரும் பங்கு போய்ச் சேருவது மகாராஷ்டிரத்துக்கும் வடக்கேயும்தான். அவர்களுடைய விரத நாட்கள் நெருங்கும்போது இங்கே விலை ஏறும். நாமோ பாயசம், வடாம் என்று இரண்டு வேலைக்கு மேல் அதை வாங்கவில்லை.

கிச்சடியின் சூட்சுமம் ஊறவைப்பதில் இருக்கிறது. கழுவிய ஜவ்வரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், ஒரு விரல் கூடினாலும் பசைதான். நாலைந்து மணி நேரம் கழித்து ஒரு மணியை இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் உள்ளே கல் இல்லாமல் நசுங்க வேண்டும். வறுத்த வேர்க்கடலைப் பொடியைப் புரட்டி, நெய்யில் சீரகம், பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு தாளித்து, இதைக் கொட்டி மிதமான தீயில் கிளறுவார்கள். மணி மணியாகக் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடுவார்கள். மஞ்சள் கிடையாது, கடுகு கிடையாது, அவை விரதத்துக்கு ஆகாது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த கிழங்கும் மிளகாயும் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் ஆகும்! தொட்டுக்கத் தயிர். காலை பத்து மணிக்குள் போங்கள். ஆறின சாபுதானாவை மென்றுகொண்டே ஒரு நாள் ஓட்டலாம்.

நீங்கள் மட்டும் சாப்பிட மிசள். முளைகட்டிய மட்கிப் பயறு, நம் நரிப்பயறு. அதன் மேல் காராசேவும் மிக்சரும் கலந்த மாதிரி ஃபர்சாண், பச்சை வெங்காயம், மல்லித்தழை. பிறகு சிவப்பாக எண்ணெய் மிதக்கிற ஒரு குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். தர்ரி என்பார்கள், கோலாப்பூரில் கட் என்பார்கள். நான் முதன்முதலாக கோலாப்பூர் பஸ் ஸ்டாண்டு அருகே சாப்பிட்டபோது, சாம்பார் வாளி பார்த்துப் பழகிய தைரியத்தில் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தேன். இரண்டாவது வாயில் காது அடைத்தது. பையன் வந்து பார்த்தான், நான் விரும்பித்தான் ஊற்றினேன் என்று நினைத்து இன்னொரு கிண்ணம் வைத்துவிட்டுப் போனான். இலவசம் வேறு! கரண்டி கரண்டியாக விடுங்கள். ஃபர்சாண் பாதி நமத்து, பாதி மொறுமொறுவென்று இருக்கும் அந்த மூன்று நிமிடம்தான் மிசள். புனேப் பக்கம் காரம் குறைவு, சில கடைகளில் அவலும் சேர்ப்பார்கள். கோலாப்பூரில் பாவுக்குப் பதில் ஸ்லைஸ் ரொட்டி தருவார்கள், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போளி நமக்குத் தெரிந்ததுதான், பூரண் போளி. ஆனால் அதற்குத் தொட்டுக்க நெய்யும் பாலும் தவிர கடாச்சீ ஆம்டி என்று ஒன்று உண்டு. கடலைப்பருப்பு வெந்த தண்ணீரை வடித்து, புளி, கொப்பரை, கோடா மசாலா போட்டுக் கொதிக்க வைத்த நீர்த்த குழம்பு. ஒரு வாய் இனிப்பு, ஒரு மடக்குக் காரம். கோடா மசாலாவில் கல்பாசி விழும், செட்டிநாட்டுக் குழம்பில் விழுகிற அதே கல்பாசி. அம்மாவுக்கு மணம் பிடிபட்டுவிடும். பெரும்பாலான இனிப்புக் கடைகளில் போளி மட்டும் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், ஆம்டியோடு இலைச் சாப்பாடாகப் போடுகிற இடமாகப் பாருங்கள். தசரா அன்றும் அங்கே இருப்பீர்கள் என்றால் ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புத் தயிரும் பூரியும் கட்டாயம்.

அசைவத்துக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். கொங்கண் கடற்கரைச் சமையல் செய்கிற மால்வணி கடை எதிலாவது வஞ்சிரம் வறுவல் கேளுங்கள், அங்கே சுர்மை என்பார்கள். முடிவில் சோல்கடி. கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த ரோஜா நிறத் தண்ணீர். சிலர் முதலிலேயே குடித்துவிடுகிறார்கள், பாவம். கோலாப்பூரின் சிவப்பு ரசா, வெள்ளை ரசா என்கிற கறிக் குழம்புகளைப் புனேயிலும் பல இடத்தில் ஊற்றுகிறார்கள். வெள்ளையை விட்டுவிடாதீர்கள்.

பானி பூரி, பேல் பூரி எல்லாம் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே வந்துவிட்டது, அதற்காக ஒரு வேளையை வீணாக்க வேண்டாம். பாவ் பாஜி நல்ல சாப்பாடுதான், ஆனால் வெண்ணெய் மேல் வெண்ணெய் போட்டால் எதுதான் நன்றாக இருக்காது? மஸ்தானி என்று ஐஸ்கிரீம் மிதக்கிற கெட்டிப் பாலைப் புனேக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். எனக்குப் பாதி டம்ளருக்கு மேல் இறங்கியதில்லை. தம்பிக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்காக ஒரே ஒரு வார்த்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கமி திகட்". காரம் குறைவாக. சொல்லிவிட்டு, "தர்ரி தனியாக" என்று கையாலும் காட்டிவிடுங்கள். பழைய புனே கடைகளில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பலரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள், எழுப்பினால் கோபம் வரும். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

வரும்போது எனக்கு ஒரு கால் கிலோ கோடா மசாலா. பாக்கெட்டில் அடைத்தது வேண்டாம், சதாசிவ் பேட் பக்கத்துக் கடையில் அரைத்தது. பணம் அனுப்பிவிடுகிறேன்.