ஆராய்ச்சி முடிவுகளைக் கலையாகவும் விளையாட்டாகவும் காட்டினால் விஷயம் நீர்த்துப்போகாதா?

பயப்படத்தான் வேண்டும். ஆனால் நன்றாக அமைந்தால் விஷயம் இன்னும் கெட்டியாகும். பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சி.வி.ராமன் நம் தோல்வாத்தியங்களைப் பற்றி 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பெங்களூருக்கு வந்தபின் 1934-ல் விரிவாக எழுதினார். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்று ஒட்டாத விகிதத்தில் போகும். அதனால் சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில், நடுவே அப்பியிருக்கும், ‘சோறு’ எனப்படும் கறுப்புப் பூச்சின் கனம் அவற்றை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் இந்த ஐந்துக்குள் அடங்குகின்றன. ராமன் தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினார். அதிராத இடங்களில் மணல் கோடாக ஒதுங்கியது.

முதல் நாள் இதைப் பலகையில் வட்டம் வரைந்து விளக்கினேன். பிள்ளைகள் அடக்கமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு தம்பியின் மிருதங்கத்தைச் சும்மாடு கட்டி அதன்மேல் நிறுத்தி, வலந்தலையில் நன்றாகக் காய்ந்த ரவையைத் தூவினோம். ‘நம்’ என்ற அடியை வாசிக்க மோதிரவிரல் சோற்றின் ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க வேண்டும், ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்க வேண்டும். நாலைந்து அடியில் ரவை துள்ளித் துள்ளி, தொட்ட விரலிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒரு கோட்டில் சேர்ந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்து அடித்தாள். கோடும் திரும்பியது!

“ஆன்ட்டி, நான் எங்க தொட்டாலும் கோடு அங்க வருது!”

வட்டத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான் என்பதை அவள் விரலால் கண்டுபிடித்தாள். நான் நல்ல கண்காட்சியென்று சொல்வது இதைத்தான்: கை மாறினால் பதிலும் மாற வேண்டும். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும் வகைக் காட்சிகளில் பிள்ளைகள் அமுக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுகிறார்கள்.

நீங்கள் அஞ்சுவது வேறொரு இடத்தில் நியாயம். ரவை எங்கே அதிரவில்லை என்பதை மட்டும்தான் காட்டும். சோறு எப்படிச் சுருதி சேர்க்கிறது என்பதை வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். 2024-ல் கட்டடம் திறந்த பெங்களூர் சயின்ஸ் கேலரி என்ற அறிவியல் காட்சிக்கூடத்தில், காட்சிக்குப் பக்கத்திலேயே இளைஞர்கள் நின்று வருகிறவர்களோடு பேசுகிறார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். படத்தை மட்டும் மாட்டிவிட்டு ஆளை எடுத்துவிட்டால் அழகுதான் மிஞ்சும்.

செய்து பார்ப்பதானால், சோற்றின் வெடிப்புகளில் ரவை தங்காமல் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். பிள்ளைகள் இப்போது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியைக் கேட்கிறார்கள். கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவது வழக்கமாயிற்றே. ஒட்டாமல் ஒருமுறை, ஒட்டி ஒருமுறை தட்டி, நாதம் எவ்வளவு இறங்குகிறதென்று வரும் ஞாயிறு கேட்கப் போகிறோம்.