பழைய ராக், பாப் ஆல்பங்களை முழுதாகக் கேட்க வேண்டுமா, ஹிட் பாட்டு மட்டும் போதுமா?

ஆல்பத்தைப் பொறுத்தது. நான் இசை படித்தவன் இல்லை, பாத்திரம் கழுவும்போது பாட்டுக் கேட்கிற ஆள். அந்த அளவில் சொல்கிறேன்.

பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ (1969) முழுதாகக் கேட்க வேண்டியது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், அரைகுறையாகக் கிடந்த சின்னச் சின்னப் பாட்டுகளைக் கோத்து, சுமார் 16 நிமிடத்துக்கு ஒரே ஓட்டமாக்கியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் உருவிக் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு இன்னும் வேடிக்கை. ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வரும், இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், திடீரென்று பட்டென நின்றுவிடும். முதல் தடவை ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று ஈரக் கையோடு போனைத் தடவிப் பார்த்தேன். டேப்பையே அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள்!

பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) இதயத் துடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும். தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள். அதில் ‘மணி’ (Money, அதாவது பணம்) பாட்டைத் தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள்: கல்லாப்பெட்டிச் சத்தமே ஏழு எண்ணிக்கையில் ஓடும். கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் நாலுக்கு மாறி, அப்புறம் ஏழுக்குத் திரும்பும்.

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1982)? சரி, அங்கே ஹிட் போதும். இருப்பதே 9 பாட்டு, அதில் 7 தனிப்பாட்டுகளாகவும் வெளியானவை. மீதி இரண்டையும் விட்டால் குடி முழுகாது.